முந்நூறு கலோரிப் பெட்டி

கேள்வி: நாங்கள் புனேயில் ராஸ்தா பேட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 54 வயது. பார்த்தால் யாரும் குண்டு என்று சொல்ல மாட்டார்கள், தொப்பை மட்டும் கொஞ்சம் உண்டு. போன மாசம் ரத்தம் பார்த்ததில் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, சாப்பாட்டில் கவனமாக இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் வேலைக்குப் போகிறவள். ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் வீடு திரும்புவேன். அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார், “அண்ணி, இங்கே லீன் குசீன் என்று ஒரு ஃப்ரோசன் சாப்பாடு இருக்கிறது. ஒரு பெட்டி முந்நூறு கலோரிதான். அண்ணாவுக்கு அது மாதிரி ஏதாவது பாருங்களேன்” என்கிறாள். இங்கே சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரிலும் ‘ஃபிட்’, ‘லைட்’ என்று எழுதிய பெட்டிகள் வர ஆரம்பித்துவிட்டன. இந்த டயட் சாப்பாட்டுப் பெட்டி எங்கே, எப்படித் தொடங்கியது? நம் ஊரில் அப்படி ஒரு பிராண்டு உண்டா? அவருக்கு வாங்கிக் கொடுக்கலாமா?

— ஒரு வாசகி, ராஸ்தா பேட், புனே

பதில்: லீன் குசீன் நெஸ்லே கம்பெனியின் பிராண்டு. இந்தியாவில் அதை விற்பதில்லை, ஆகவே வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வி அதைப் பொறுத்தவரை எழவில்லை. ஆனால் அதன் கதை உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. நம் ஊர் ஃப்ரீசரில் இப்போது வந்து உட்கார்ந்திருக்கும் பெட்டிகளெல்லாம் அது போட்ட பாதையில்தான் வருகின்றன.

கதை ஒரு பால் கடையில் தொடங்குகிறது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரம். அங்கே ஆர்கேட் என்ற பெரிய கட்டடத்துக்குள், 1922-ல், ஏப்ரகாம் ஸ்டோஃபரும் அவர் மனைவி மஹாலாவும் மோரும் சாண்ட்விச்சும் விற்றார்கள். மஹாலா வீட்டில் செய்து கொண்டுவந்த ஆப்பிள் பைக்காகவே ஆட்கள் வந்தார்கள். கடை ஓட்டலானது, ஓட்டல் பல ஓட்டல்களானது. பிடித்த பண்டத்தை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்கவே, 1940-களின் நடுவில் அதை உறையவைத்து விற்க ஆரம்பித்தார்கள். ஓட்டலில் பெயர் எடுத்த சமையலை வீட்டு அடுப்புக்குக் கொண்டுபோகும் வியாபாரம் அது. 1968-ல் கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் சோலன் என்ற ஊரில் பெரிய தொழிற்சாலை கட்டினார்கள். 1969-ல் நிலவுக்குப் போய்த் திரும்பிய அப்பல்லோ 11 வீரர்களைத் தனிமைப்படுத்தி வைத்திருந்தபோது அவர்களுக்குப் போன சாப்பாட்டில் ஸ்டோஃபர்ஸின் உறைந்த உணவும் இருந்தது. 1973-ல் கம்பெனி சுவிட்சர்லாந்தின் நெஸ்லே கைக்குப் போயிற்று.

உறைந்த சாப்பாட்டுத் தட்டு அதற்கு முன்பே அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. ஸ்வான்சன் கம்பெனி 1950-களின் தொடக்கத்தில் ‘டிவி டின்னர்’ என்று அலுமினியத் தட்டில் வான்கோழியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பட்டாணியும் வைத்து விற்றது. அது வயிறு நிறைவதற்கான சாப்பாடு. உடம்பு இளைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அந்தக் காலத்தில் டயட் சாப்பாடு என்றால் பாலாடைக்கட்டியும் வெட்டிய பழமும் காய்ந்த டோஸ்டும்தான். ருசி வேண்டுமென்றால் கொழுப்பு, இளைக்க வேண்டுமென்றால் பட்டினி என்று இரண்டும் எதிரெதிராக நின்றன. ஜீன் நிடெச் என்ற இல்லத்தரசி நியூயார்க்கில் 1963-ல் தொடங்கிய வெயிட் வாட்சர்ஸ் அமைப்பு கூட்டம் கூட்டமாகப் பெண்களை எடை இயந்திரத்தில் ஏற்றியது. 1978-ல் கெட்ச்சப் கம்பெனியான ஹைன்ஸ் அதை வாங்கி, அந்தப் பெயரில் உறைந்த உணவும் விற்றது. ஆனால் அதை வாங்கி வண்டியில் போடும் பெண் ‘நான் டயட்டில் இருக்கிறேன்’ என்று கடை முழுக்கச் சொன்னதாக ஆகிவிடும்.

1981-ல் ஸ்டோஃபர்ஸ் லீன் குசீனைக் கொண்டுவந்தது. பத்து வகைப் பண்டங்கள், எல்லாமே 300 கலோரிக்குள். பெட்டி வெள்ளை வெளேரென்று இருந்தது. படத்தில் பீங்கான் தட்டு, மேலே சாஸ். பெயரிலேயே ஒரு பிரெஞ்சு வாடை. லசானியாவில் மாவுத் தகட்டைக் குறைத்து, பூசணி ஜாதியைச் சேர்ந்த சுக்கினியைச் சேர்த்தார்கள். சாஸுக்குக் கெட்டித்தன்மை கொடுக்க வெண்ணெய்க்குப் பதில் மாவுச்சத்து. இளைப்பதற்காகச் சாப்பிடுகிறோம் என்ற வெட்கம் இல்லாமல் இளைக்கலாம் என்பதுதான் அவர்கள் விற்ற சரக்கு. நேரமும் கூடி வந்தது. பெண்கள் பெரும் எண்ணிக்கையில் ஆபீசுக்குப் போன காலம் அது. அடுத்த சில வருஷங்களில் மைக்ரோவேவ் அடுப்பு வீட்டுக்கு வீடு வந்தது. அலுமினியத் தட்டு போய் மைக்ரோவேவ் தாங்கும் தட்டு வந்தது. ராத்திரி எட்டு மணிக்கு வீடு திரும்புகிற நிலை உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. இந்த வியாபாரம் எழுந்து நின்றதே அந்த எட்டு மணியின் மேல்தான்.

உறைந்த உணவின் நுட்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உறையவைத்தால் சத்து போய்விடும் என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல. உணவில் இருக்கும் தண்ணீர் மெதுவாக உறைந்தால் பெரிய பெரிய பனிப்படிகம் உண்டாகிக் காயின் செல்களைக் குத்திக் கிழிக்கும். சூடாக்கும்போது காய் தொளதொளவென்று தண்ணீர் விடும். மிக வேகமாக உறைந்தால் படிகம் பொடியாக இருக்கும், காயின் கட்டு குலையாது. அதற்குப் பிறகு மைனஸ் 18 டிகிரியில் வைத்திருந்தால் கிருமி வளராது. கெடாமல் இருக்க ரசாயனம் போட வேண்டிய அவசியமும் இல்லை. உறைதலில் குற்றமில்லை. உறைவதற்கு முன்னால் அந்தப் பெட்டிக்குள் என்ன போட்டார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அங்கேதான் நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வழக்கு வருகிறது. கொழுப்பை எடுத்துவிட்டால் ருசி போய்விடும். போன ருசியை மலிவாகத் திருப்பிக் கொண்டுவரும் பொருள் உப்பு. 1980-களின் பிற்பாதியில் சோடியம் ரத்தக் கொதிப்பைக் கூட்டுகிறது என்ற எச்சரிக்கை பலமாக எழுந்தது. லீன் குசீன் தன் பண்டங்களைத் திருத்தியது. திருத்திவிட்டுச் செய்த விளம்பரத்தில், எங்கள் ஒவ்வொரு பெட்டியிலும் சோடியம் ஒரு கிராமுக்கும் குறைவு என்று சொன்னது. ஒரு கிராம் என்றால் காதுக்கு ஒன்றுமே இல்லாதது போல் இருக்கிறது அல்லவா? ஆனால் உணவில் சோடியத்தை எல்லோரும் மில்லிகிராமில்தான் கணக்கிடுகிறார்கள். ஒரு கிராம் என்பது 1000 மில்லிகிராம். அன்றைக்கு அமெரிக்காவில் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லப்பட்ட வரம்பே 2400 மில்லிகிராம். விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் 1000 மில்லிகிராம் என்றும் போட்டிருந்தார்கள். அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் இதை விடவில்லை. இந்த விளம்பரத்தைப் பார்ப்பவர் இது சோடியம் குறைந்த உணவு என்றுதான் புரிந்துகொள்வார், அது உண்மையல்ல என்று 1994-ல் ஸ்டோஃபர் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

அந்த விளம்பரத்தில் அச்சான எண் பொய்யில்லை. எந்த அளவுகோலில் அந்த எண்ணைச் சொல்வது என்பதை விற்பவர் தேர்ந்தெடுத்தார், அவ்வளவுதான். உறைந்த டயட் உணவின் நாற்பது வருஷச் சரித்திரத்தையும் நான் இப்படித்தான் படிக்கிறேன். பெட்டியின் முகப்பில் எப்போதும் ஓர் எண் இருக்கும். அது அந்தந்தக் காலத்தில் ஜனங்கள் எதற்குப் பயப்படுகிறார்களோ அதன் எண்.

1981-ல் அது கலோரி. 1985-ல் கான்ஆக்ரா என்ற உணவு நிறுவனத்தின் தலைவர் மைக் ஹார்ப்பருக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்தெழுந்தவர், வீட்டில் மனைவி கொழுப்பும் உப்பும் குறைத்துச் சமைத்ததை ருசித்துவிட்டு, இதையே விற்கலாமே என்று நினைத்தார். அப்படிப் பிறந்த ஹெல்தி சாய்ஸ் 1980-களின் முடிவில் கடைக்கு வந்ததும் முகப்பில் கொலஸ்ட்ராலும் சோடியமும் ஏறின. பிறகு கொழுப்பு. பிறகு மாவுச்சத்து. பிறகு புரதம். 2008-க்குப் பின் லீன் குசீன் விற்பனை சரிய ஆரம்பித்தது. இளம் வயதினர் கலோரியை எண்ணுவதை விட்டுவிட்டு, இதில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள், புரதம் எவ்வளவு என்று கேட்க ஆரம்பித்தார்கள். 2015-ல் லீன் குசீன் தன் பெட்டியையும் பேச்சையும் மாற்றிக்கொண்டது. டயட்டுக்காகவே பிறந்த பிராண்டு, டயட் என்ற பேச்சையே விட்டு விலகியது. எடை இயந்திரம் காட்டுவதை வைத்து ஒரு பெண்ணை அளக்காதீர்கள் என்று விளம்பரம் செய்தது. 2023-ல் கனடாவில் உறைந்த சாப்பாட்டு வியாபாரத்திலிருந்தே விலகுவதாக நெஸ்லே அறிவித்தபோது அங்கே லீன் குசீனும் சேர்ந்து போயிற்று. அமெரிக்காவில் இன்னும் விற்கிறது, உங்கள் நாத்தனார் சொல்வது சரிதான்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். புனேயில் அப்படி ஒரு பிராண்டு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். லீன் குசீன் அளவுக்குப் பெயர் எடுத்த உறைந்த டயட் தட்டு எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அதற்கு மிகப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் உடம்பைப் பார்த்துச் சாப்பிடுகிறவர்களின் அலமாரியில் லீன் குசீனுக்குப் போட்டியாகப் போய் நின்ற சரக்கு, புனே ஜில்லாவிலிருந்துதான் கப்பலேறுகிறது. டேஸ்டி பைட் என்று பெயர். சோலாப்பூர் நெடுஞ்சாலையில் தௌண்ட் தாலுகாவில் பாண்ட்காவ் என்ற ஊரில் அதன் தொழிற்சாலை. குவாலிட்டி ஐஸ்கிரீம் குடும்பத்தைச் சேர்ந்த ரவி காய் என்பவர் தொடங்கிய கம்பெனி, 1985-ல் பதிவானது. தயார் சாப்பாட்டை இந்தியர்கள் வாங்குவார்கள் என்பது கணக்கு. அது எண்பதுகளின் இந்தியாவில் பலிக்கவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும். புதிதாகச் செய்த சாப்பாடு வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. புனேயில் பேட்டைக்குப் பேட்டை போளி-பாஜி கேந்திரங்கள்; இங்கே போளி என்றால் சப்பாத்தி, பாஜி என்றால் காய்கறிக் கறி. கணவரை இழந்தவர்கள், மகளிர் குழுக்கள் என்று எத்தனையோ பெண்கள் அந்தத் தொழிலில் நின்று குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அன்றைக்குச் சுட்ட போளியும் சூடான பாஜியும் தெரு முனையில் கிடைக்கும்போது பெட்டியை யார் தொடுவார்கள்?

தொண்ணூறுகளின் நடுவில் கம்பெனி இந்துஸ்தான் லீவர் வசம் போனது. அப்போதுதான் அமெரிக்காவுக்குச் சரக்கு அனுப்பும் வேலை தொடங்கியது. பெப்சியில் வேலை பார்த்த அசோக் வாசுதேவனும் அவர் மனைவி மீராவும் அமெரிக்காவில் பிரிஃபர்டு பிராண்ட்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கி, 1999-ல் டேஸ்டி பைட்டை வாங்கினார்கள். அவர்கள் செய்த முக்கியமான முடிவு, அமெரிக்காவில் இருக்கும் இந்தியர்களைத் தேடிப் போகாததுதான். சைவம், பதப்படுத்தும் ரசாயனம் கிடையாது, இயற்கைப் பொருள்கள் என்று சொல்லி வெள்ளைக்காரர்களின் வண்டியில் பொட்டலத்தை ஏற்றினார்கள். காஸ்ட்கோ போன்ற பெரிய கடைகளில் அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாக விற்றது. 2015-ல் ஜப்பானின் ககோமே பெரும் பங்கை வாங்கியது. 2017-ல் சாக்லேட்டுக்குப் பெயர் போன மார்ஸ் கம்பெனிக்குக் கைமாறியது.

அவர்களிடம் அதிகம் விற்கும் பொட்டலம் ஒன்று ‘மெட்ராஸ் லென்டில்ஸ்’. பெயரைப் பார்த்து நம் சாம்பார் என்று நினைத்துவிடாதீர்கள். துவரம்பருப்பு, புளி, பெருங்காயம் எதுவும் இல்லை. பயறு, சிவப்பு ராஜ்மா, தக்காளி, வெங்காயம், க்ரீம், வெண்ணெய். வடக்கத்திக்காரர்களின் தால் மக்கனிக்குச் சித்தப்பா பிள்ளை என்று சொல்லலாம். எடை 285 கிராம். மூலையைக் கிழித்து மைக்ரோவேவில் ஒரு நிமிஷம் வைத்தால் போதும், சாப்பிடலாம். பல மாதம் ஃப்ரிட்ஜ் இல்லாமலே இருக்கும்.

ஃப்ரீசர் வேண்டாம் என்பதுதான் இந்தப் பொட்டலத்தின் பலம். மைசூரில் 1961-ல் தொடங்கிய ராணுவ உணவு ஆராய்ச்சிக்கூடம் மலையுச்சியில் நிற்கும் ஜவான்களுக்காக இந்த வகைப் பொட்டலத்தின் நுட்பத்தில் பல வருஷம் உழைத்தது. எம்டிஆர் கம்பெனி அங்கிருந்துதான் அதை வாங்கியது. வெளியே பாலியெஸ்டர், நடுவில் அலுமினியத் தகடு, உள்ளே பாலிபுரொப்பிலீன் என்று அடுக்கிய பை. சமைத்ததை அதில் அடைத்து, காற்றில்லாமல் ஒட்டி, பெரிய பிரஷர் குக்கர் போன்ற ரிட்டார்ட் என்ற கலத்தில் 121 டிகிரி சூட்டில் வைப்பார்கள். காற்றில்லாத இடத்திலும் வளர்ந்து விஷம் கக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் விதை அந்தச் சூட்டில்தான் சாகும். மின்வெட்டு உள்ள தேசத்துக்கு, ஃப்ரிட்ஜின் தலையில் ஒரு சின்னப் பெட்டி அளவு மட்டும் ஃப்ரீசர் இருக்கும் வீடுகளுக்கு, இது பொருத்தமான வழி. லீன் குசீன் மாதிரி ஒன்று இங்கே வேரூன்றாததற்குக் கடை முதல் வீடு வரை அறுந்து அறுந்து கிடந்த குளிர்ச்சங்கிலி ஒரு பெரிய காரணம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, வீட்டுக்காரரைப் பார்த்தால் யாரும் குண்டு என்று சொல்ல மாட்டார்கள் என்பது. முந்நூறு கலோரிப் பெட்டி யாருக்காகச் செய்யப்பட்டது என்று யோசியுங்கள். எடை கூடிவிட்ட அமெரிக்கருக்காக. எடை இறங்கினால் நோய் இறங்கும் என்ற எளிய கணக்கு அது. அந்தக் கணக்கு நம் உடம்புக்கு அப்படியே பொருந்தாது என்று உலகத்துக்குச் சொன்ன ஆராய்ச்சி எங்கே நடந்தது தெரியுமா? உங்கள் ராஸ்தா பேட்டில். சர்தார் முதலியார் சாலையில் நீங்கள் தினம் கடந்து போகும் கேஇஎம் ஆஸ்பத்திரியில்.

அங்கே டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் 1990-களில் புனேயைச் சுற்றியுள்ள ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு தொடங்கினார். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுதாம்டனில் பிறந்த வெள்ளைக்காரக் குழந்தைகள் சுமார் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவு, வயிற்றுப் பகுதி உறுப்புகள் சிறியவை. ஆனால் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த உருவத்துக்குள் கொழுப்பு. பிறக்கும்போதே அப்படி.

2004-ல் லான்செட் பத்திரிகையில் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் தங்கள் இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ ஒன்றேதான்: 22.3. எடை இயந்திரத்தைக் கேட்டால் இருவரும் சமம். உள்ளே அளந்து பார்த்தால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடம்பில் 21.2 சதவீதம். இதனால்தான் இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23 தாண்டினாலே கூடுதல் எடை என்று நம் டாக்டர்கள் கொள்கிறார்கள். மேல்நாட்டில் அது 25.

ஆகவே உங்கள் வீட்டுக்காரருக்குக் கலோரியைக் குறைப்பது மட்டும் போதாது. தசை கரையாமல் வயிற்றுக் கொழுப்பு கரைய வேண்டும். அதற்குச் சாப்பாட்டில் புரதம் போதுமான அளவு இருக்க வேண்டும், நார் இருக்க வேண்டும், மாவுச்சத்து அளவோடு இருக்க வேண்டும், உப்பு கட்டுக்குள் நிற்க வேண்டும். ராத்திரி முந்நூறு கலோரிப் பெட்டி ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, பத்தரை மணிக்குப் பசி தாங்காமல் பாகர்வடி டப்பாவைத் திறந்தால் எல்லாக் கணக்கும் போயிற்று. அந்தப் பெட்டிகளின் எடையே பெரும்பாலும் 230 முதல் 280 கிராம்தான். நம் ஆட்கள் அதைச் சாப்பாடு என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்படியும் நீங்கள் ஒரு பெட்டியை வாங்க நினைத்தால் முகப்பைப் படிக்காதீர்கள், திருப்புங்கள். பின்பக்க அட்டவணையில் முதலில் ‘ஒரு பரிமாறல்’ எவ்வளவு என்று பாருங்கள். 285 கிராம் பொட்டலத்தில் ஒரு பரிமாறல் பாதிதான் என்று இருந்தால், அங்கே போட்டிருக்கும் எல்லா எண்ணையும் இரண்டால் பெருக்குங்கள், ஏனென்றால் யாரும் பாதி சாப்பிட்டு மூடி வைப்பதில்லை. அடுத்து சோடியம். மில்லிகிராமில் இருப்பதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனமும் நம் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் ஒரு நாளைக்குச் சொல்லும் உச்சவரம்பு 5 கிராம் உப்பு, ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். மூன்று வேளையும் ஊறுகாயும் அப்பளமும் அதற்குள் அடங்க வேண்டும். ஒரு வேளைப் பெட்டியில் சோடியம் 600-ஐத் தாண்டினால் நான் அலமாரியிலேயே திருப்பி வைத்துவிடச் சொல்வேன். பிறகு புரதம். ஒரு முழு வேளைச் சாப்பாடு என்று சொல்லிக்கொள்ளும் பெட்டியில் 15 கிராமாவது இல்லையென்றால் அது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் சமாசாரம்தான்.

‘லோ கலோரி’ என்று எழுதியிருந்தால் அதற்குச் சட்டம் உண்டு. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் கொண்டுவந்த விதிப்படி, திட உணவில் 100 கிராமுக்கு 40 கலோரிக்கு மேல் இருந்தால் அப்படி எழுதக் கூடாது. வெந்த சோறே 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. ஆக, சோறும் பருப்பும் உள்ள எந்தச் சாப்பாடும் நேர்மையாக அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் முழு வேளை உணவுக்கு 100 கிராமுக்கு 120 கலோரி வரை அனுமதிக்கிறார்கள். அதனால்தான் அங்கே தாராளமாக எழுத முடிகிறது. ‘ஃபிட்’, ‘வெல்னஸ்’ என்ற சொற்களைப் பார்த்தால் அவற்றைப் பெட்டியின் நிறம் போல எண்ணிக் கடந்துவிடுங்கள்.

ஃப்ரீசரில் எடுக்கும்போது பெட்டியை ஆட்டிப் பாருங்கள். உள்ளே உதிரியாகச் சத்தம் வர வேண்டிய பட்டாணியோ காயோ ஒரே கட்டியாக இருந்தால், பைக்குள் பனி கெட்டியாகப் படிந்திருந்தால், வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது. வாங்காதீர்கள். மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

இப்போது புதிதாக ஓர் எண் முகப்புக்கு வந்துகொண்டிருக்கிறது. பசியைக் குறைத்து எடையை இறக்கும் ஊசிகள் அமெரிக்காவில் பரவிய பிறகு, அந்த மருந்து எடுப்பவர்களுக்கென்றே நெஸ்லே 2024-ல் வைட்டல் பர்சூட் என்ற உறைந்த உணவு வரிசையை அறிவித்தது. சின்ன அளவு, நிறையப் புரதம், நார். அந்த ஊசிகளில் மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே வருஷம் ஜூனிலும் இந்தியாவுக்கு வந்துவிட்டன. பின்னாலேயே அந்தப் பெட்டிகளும் இங்கே வந்தால் எனக்கு ஆச்சரியம் இருக்காது. உங்கள் டாக்டர் எழுதிக் கொடுக்காமல் அந்த ஊசிப் பக்கம் போகாதீர்கள். அந்தப் பெட்டிகள் வந்தால், மேலே சொன்ன மாதிரியே திருப்பிப் பாருங்கள்.

ராத்திரி எட்டு மணிக்கு என்ன செய்வது என்பதற்கு என் யோசனை இது. உங்கள் தெருவில் நம்பிக்கையான போளி-பாஜி கேந்திரம் ஒன்றைப் பிடியுங்கள். எண்ணெய் தடவாமல் இரண்டு போளி தரச் சொல்லுங்கள், கேட்டால் தருவார்கள். பாஜியில் உருளைக்கிழங்கு வேண்டாம், கீரையோ பீன்ஸோ இருக்கட்டும். புரதத்தை நீங்கள் வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை முளைகட்டிய மட்கியும் (நரிப்பயறு) கொண்டைக்கடலையும் வேகவைத்து, ஆறியதும் ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று மெல்லிசாகப் பரப்பி உங்கள் ஃப்ரீசரில் வையுங்கள். ஆழமான டப்பாவில் குவித்தால் மெதுவாக உறையும், அதனால்தான் மெல்லிசாகப் பரப்பச் சொல்கிறேன். எட்டு மணிக்கு வந்து ஒன்றை எடுத்துச் சூடாக்கி, மேலே வெங்காயமும் கொத்தமல்லியும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் ஒரு கிண்ணம் உசள். ஒரு கிண்ணம் தயிரும் இருக்கட்டும். இரண்டு போளி, உசள், பாஜி, தயிர் எல்லாம் சேர்ந்து சுமார் 450 கலோரி வரும். முந்நூறைத் தாண்டுகிறதே என்று கவலைப்படாதீர்கள். புரதமும் நாரும் அதில் இருக்கின்றன, பத்தரை மணிக்குப் பசிக்காது. சாப்பிட்டதும் இருவரும் இருபது நிமிஷம் நடந்துவிட்டு வாருங்கள். மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்க்கும்போது எடையோடு சேர்த்து இடுப்புச் சுற்றளவையும் டேப்பால் அளந்து டாக்டரிடம் சொல்லுங்கள். இந்திய ஆண்களுக்கு அது 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.